மூடி போட்ட பக்கெட்

நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அது ஊர்வலம் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, லிஃப்டில் ஏறும் குழந்தை, வீட்டு வேலைக்கு வந்த அம்மா, யார் "உள்ள என்ன?" என்று கேட்டாலும் பக்கெட்டைக் கீழே வைத்து, மூடியைத் திறந்து, மீனைக் காட்டிவிட்டுத்தான் நகர்வேன். "ஆன்ட்டியோட போனா ஒரு டேங்குக்கே அரை நாள் போயிடும்" என்று என்னுடன் வந்த எல்லோரும் புலம்பியிருக்கிறீர்கள். நான் வேலையை விட்ட அன்று, கேக் வெட்டும்போது உங்களில் ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டாள், ஏன் ஆன்ட்டி இப்படி என்று. வாயில் கேக் இருந்ததைச் சாக்காக வைத்துத் தப்பித்தேன். முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிட்ட பிறகு சாக்கு எதுவும் மிச்சமில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிரேசர் டவுன். பில் போடத்தான் இந்தக் கடையில் சேர்ந்தேன். உப்புத் தண்ணீரில் கடல் மீன் வளர்க்கும் ஆசை இந்த ஊரில் பரவிய சமயத்தில், வீடு வீடாகப் போய் அந்த டேங்குகளை அமைத்துக் கொடுக்க ஆள் போதவில்லை. "நீங்க போங்க சிஸ்டர், உங்க வாய்க்கு எதிர்ல எவனும் பேச மாட்டான்" என்று முதலாளி என்னை அனுப்பிவைத்தார். முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். இப்போது அவர் இல்லை. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தில் முறைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான். நேரிலும் அப்படித்தான் இருப்பார்.

பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம். புது டேங்கில் கடல் உப்பைக் கரைத்து, மணலும் கல்லும் போட்டு, லைட்டை எரியவிட்டால் பார்வைக்கு எல்லாம் தயார் மாதிரி இருக்கும். ஆனால் தயார் இல்லை. மீனின் கழிவை முறித்துப்போடும் நுண்ணுயிர்கள் அந்தக் கல்லிலும் மணலிலும் குடியேற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தத் தண்ணீர், அரைத்த கையோடு ஊற்றிய இட்லி மாவு. பாய் அதைக் கச்சா பானி, பக்குவமாகாத தண்ணீர், என்பார். "கச்சா பானியில மீன் வுட்டா அது வளக்கறது இல்ல சிஸ்டர், கொல்றது" என்பார். நிஜம்தான். அந்தத் தண்ணீரில் மீனுக்குச் செவுள் வெந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு கவிழ்ந்துவிடும்.

முதன்முதலாக உப்புத் தண்ணீர் டேங்க் வைக்கிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள். பிறந்த நாளுக்கு மீன் வேண்டும், அமெரிக்காவிலிருந்து மச்சினர் வருவதற்குள் வேண்டும், பால் காய்ச்சுவதற்குள் வேண்டும். அவர்களைக் காக்கவைப்பதுதான் நம் வேலையில் பாதி. அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. எவ்வளவு பெரிய மேனேஜராக இருந்தாலும் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு உட்கார வைத்துவிடுவேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சரவணன் அப்படித்தான் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, அங்கேயே புது ஃப்ளாட் வாங்கியிருந்தார். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, அதற்குள் டேங்கில் மீன் நீந்த வேண்டும் என்றார்.

அவருடைய அவசரம் மற்றவர்களுடைய அவசரம் இல்லை. அவருக்கு ஓர் அக்கா, பெயர் பேச்சியம்மாள். அப்பா அம்மா போன பிறகு உப்பளத்தில் வேலை செய்து தம்பியைப் படிக்கவைத்தவர். தனக்கென்று கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. வெயில் உப்பில் பட்டுத் திரும்பி வருடக்கணக்காக முகத்தில் அடித்ததில் பார்வை மங்கி, பின்னால் சர்க்கரை வியாதியும் சேர்ந்து ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றக் கண்ணும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று டாக்டர் சரவணனிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது தெரியாது. ஒரு தடவை தம்பியின் போனில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீனைப் பார்த்துவிட்டு, இது நிஜமாகவே இப்படித்தான் இருக்குமா, இல்லை சாயம் பூசியதா என்று அவர் கேட்டிருக்கிறார். கண் இருக்கும்போதே அந்த மீனை அக்காவுக்கு நேரில் காட்டிவிட வேண்டும். சரவணனுடைய அவசரம் அவ்வளவுதான்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக்காட்டி உங்களை அழவைக்கிற உத்தேசம் எனக்கில்லை. தெரியாமல் நான் எவ்வளவு சாமர்த்தியமாக நடந்துகொண்டேன் என்பதை நீங்கள் கூடவே பார்க்க வேண்டும்.

"மேடம், பால் காய்ச்சுற அன்னைக்கு ரெண்டே ரெண்டு மீன் இருந்தாப் போதும்" என்றார் கடையில். "ஆரஞ்சுல வெள்ளப் பட்டை போட்டது இருக்குல்லா, அது."

"அது பேரு க்ளவுன் மீன் சார். அதுக்கும் உயிர் இருக்கு."

"ஏதோ பாட்டில்ல வருதாமே மேடம், ஊத்துனா மறுநாளே தண்ணி ரெடியாயிருதுன்னு வீடியோல சொல்றாங்க."

"அப்ப வீடியோ போட்டவனையே வந்து டேங்க் வெக்கச் சொல்லுங்க."

"அதுக்கில்ல மேடம். வீட்டுல பெரியவங்க வர்றாங்க. அதான்..."

"எல்லார் வீட்டுலயும்தான் பெரியவங்க வராங்க. பாயசம் குடுங்க, சந்தோஷமா போவாங்க. மீன் எங்க போயிடும்? சொல்ப நாள் பொறுங்க சார்."

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். சரவணனும் சிரித்தார் என்றுதான் அன்று நினைத்தேன். ஏதோ சொல்ல வந்தவர், அதை விட்டுவிட்டு, டேங்குக்கு அடியில் வைக்கும் ஸ்டாண்ட் எந்த மரத்தில் வரும் என்று கேட்டார். நான் மரத்தைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன்.

வைட்ஃபீல்டுக்குப் போய் டேங்கை அமைத்துக் கொடுத்தோம். ஹாலில் கிழக்குச் சுவரை ஒட்டி, ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வசதியாக. நாற்காலி போடும் இடத்தை அவரே இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பார்த்து முடிவு செய்தார். லைட் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தால் தெளிவாகத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்பக் குடைகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் கூப்பிடும்வரை உள்ளே எதையும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பால் காய்ச்சும் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சில் காலைப் பூசைக்குக் கிளம்பி நிற்கிறேன், போன் வருகிறது.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. வேற கடையில ரெண்டு மீன் வாங்கி நேத்து விட்டுட்டேன். ரெண்டும் மேலயே நின்னு வாயைப் பொளக்குது."

திட்டினேன். திட்டிக்கொண்டேதான் கடையைத் திறந்தேன். நம் பழைய டேங்கிலிருந்து பக்குவமான தண்ணீரை மூடி போட்ட வெள்ளை பக்கெட்டில் பிடித்து, பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்பை அதில் போட்டு, கேப் பிடித்து வைட்ஃபீல்டுக்குப் போனேன்.

வாசலில் மாவிலைத் தோரணம். பன்னீர்ச் செம்போடு ஒரு பெண் நின்றிருந்தார், ஐம்பதைத் தாண்டியவர், வெயிலில் கருத்த முகம், மடிப்புக் கலையாத புதுப் பட்டுப் புடவை. என் மேல் பன்னீர் தெளித்து, "வாங்க யக்கா, உள்ள போங்க" என்றார். பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்ப்பது மாதிரி பார்த்தார். கழுத்து வலியாக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஹாலில் ஹோமப் புகை. டேங்கின் மேல் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தியிருந்தது. பூஜை முடிந்ததும் திறந்து காட்டுவது ஏற்பாடு. சரவணன் எழுந்து ஓடி வந்தார், கண் சிவந்திருந்தது, புகையினால் என்று நினைத்தேன். துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். இரண்டு க்ளவுன் மீன்கள், துடுப்பைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இப்பவே எடுக்கணும்" என்றேன்.

"அரை மணி நேரம் மேடம். பூஜை முடியட்டும். அக்கா வாசல்ல நிக்கிறா, கூட்டியாந்து ஒரு தடவை காட்டிட்டு உடனே எடுத்திருங்க."

"அரை மணியில ரெண்டும் கவுந்துடும். பால் காய்ச்சுற வீட்டுல செத்த மீனையா காட்டப் போறீங்க உங்க அக்காவுக்கு?"

எந்த வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மனிதர் முகம் வெளிறிப்போனது. "அஞ்சு நிமிஷமாவது..." என்று ஆரம்பித்தார். அதற்குள் புரோகிதர் கூப்பிட்டார், அவர் போய் உட்கார வேண்டியதாயிற்று. அவர் திரும்பி வருவதற்குள் நான் இரண்டு மீனையும் வலையில் எடுத்து பக்கெட்டில் விட்டு, மூடியை அழுத்தி, டேங்கின் மேல் துணியைப் பழையபடி போர்த்திவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இதுவரை நான் செய்ததற்காக நான் வருந்தவில்லை. நாளைக்கு உங்களுக்கு இப்படி நேர்ந்தால் நீங்களும் மீனை எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். மூச்சுக்குத் திணறுகிற உயிரை வைத்துக்கொண்டு அரை மணி, கால் மணி என்று பேரம் பேசக்கூடாது. அன்று அந்த மீன்கள் பிழைத்தது நான் பேரம் பேசாததால்தான்.

பக்கெட்டோடு வெளியே வந்தேன். வாசலில் அதே பெண்.

"என்னக்கா, சாப்பிடாமப் போறீய?"

"வேலை இருக்கும்மா."

"அதுல என்னத்தத் தூக்கிட்டுப் போறீய?"

மீன் என்று சொன்னால் அங்கே ஓடிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் சூழ்ந்துகொள்ளும். ஏன் வெளியே எடுத்துப் போகிறீர்கள் என்று யாராவது பெரியவர் கேட்பார். நல்ல நாளில் இது என்ன சகுனம் என்று பேச்சு கிளம்பும், சரவணனுக்கு அவமானம். இதையெல்லாம் ஒரு நொடியில் யோசிக்கத் தெரிந்ததுதான் இத்தனை வருட அனுபவம் என்று அப்போது என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

"அழுக்குத் தண்ணிம்மா. கீழ கொண்டுபோய் ஊத்தணும்" என்றேன்.

"அழுக்குத் தண்ணிக்கு மூடியா!" என்று சிரித்தார். கையை நீட்டி மூடியை விரலால் தட்டிக்கூடப் பார்த்தார். லிஃப்ட் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

அப்போது அவருக்கு அந்த ஒரு கண் இருந்தது. பால்கனி வழியாக நல்ல காலை வெளிச்சம் தாழ்வாரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்திருந்தால் பக்கெட்டின் வெள்ளையில் இரண்டு ஆரஞ்சு மீன்களும் பளிச்சென்று தெரிந்திருக்கும். மீனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அது பக்குவமான தண்ணீரில்தான் இருந்தது.

பூஜை முடிந்து துணியை விலக்கியபோது உள்ளே கல்லும் மணலும்தான் இருந்தன. இதைச் சரவணன் பிறகு சொன்னார். சித்தப்பா ஒருவர், "ஏன்டே, மலையடிவாரம்லா கட்டி வச்சிருக்க" என்று கேட்டு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அக்காவும் சிரித்திருக்கிறார்.

மீன்கள் நம் கடையில் தேறிவிட்டன. கல்லாவுக்குப் பக்கத்து டேங்கில் விட்டிருந்தேன். பால் வாங்கப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வாரங்களில் சரவணன் அடிக்கடி போன் செய்தார். ரெடியா மேடம், ரெடியா மேடம். சோதனை செய்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் வேறு மாதிரி கேட்டார்.

"நம்ம மீன் ரெண்டும் உங்க கடையிலதான இருக்கு மேடம். அக்காவக் கூட்டிட்டு வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போகவா?"

 அவர் கேட்டார். எனக்குத் தெரியாது, அவர் சொல்லவில்லை என்று முழுப் பழியையும் நான் அவர் மேல் போட முடியாது.

"வைட்ஃபீல்டுலர்ந்து இந்த ட்ராஃபிக்குல அவங்கள எதுக்கு சார் இழுத்துக்குனு வரீங்க?" என்றேன். "டேங்க் ரெடியாயிட்டே இருக்கு. நானே கொண்டாந்து அவங்க கண்ணு முன்னாடி விடறேன்."

அக்கறையாகத்தான் சொன்னேன்.  "சரி மேடம்" என்றார்.

அதற்கப்புறம் போன் வருவது நின்றுவிட்டது. பார்த்தீர்களா, மனிதர் பொறுமை கற்றுக்கொண்டுவிட்டார் என்று கடையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். புது ஆட்களுக்கு அவரை உதாரணமாகக்கூடக் காட்டினேன். 

கடைசியில் தண்ணீர் தயாராயிற்று. சோதனையில் எந்தக் குறையும் இல்லை. அதே வெள்ளை பக்கெட்டில் அதே இரண்டு மீனைப் பிடித்துப் போட்டுக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே குஷி. வாசலில் என்னை அழுக்குத் தண்ணீர் என்று சொல்லவைத்த அந்த அம்மாவுக்கு இன்று திறந்து காட்டி அசத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்தேன். கதவைத் திறந்தது அவர்தான்.

"யாரு?"

"மீன் கடையிலர்ந்து வரேம்மா."

"ஓ, அன்னைக்கு வந்த யக்காவா! வாங்க, வாங்க. மீனு கொண்டாந்திருக்கியளா?"

"கொண்டாந்துட்டேன். இதோ பாருங்க!"

பக்கெட்டைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்து மூடியைத் திறந்து அவர் பக்கமாகச் சாய்த்துக் காட்டினேன். அவர் குனியவில்லை. என் குரல் வந்த பக்கமே முகத்தைத் திருப்பி, சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"எங்க இருக்கு?" என்றார்.

நான் பக்கெட்டை நிமிர்த்தினேன். அவர் கையை நீட்டித் தடவி, பக்கெட்டின் விளிம்பைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த சரவணன் எழுந்து வந்து என்னைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "உள்ள வாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மீனை டேங்கில் விடும்போது அந்த அம்மா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தம்பி இடம் பார்த்துப் பார்த்துப் போட்ட நாற்காலி. கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். "வெளிச்சம் இருக்கது லேசாத் தெரியுது" என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "என்ன நெறம்க்கா அது? தம்பி ஆரஞ்சு ஆரஞ்சுங்கான். ஆரஞ்சுன்னா எந்த மாதிரி ஆரஞ்சு?"

மீனை வர்ணித்து விற்பதுதான் என் பிழைப்பு. இந்த வாயால் எத்தனை பேரை மயக்கியிருப்பேன். அன்று எனக்குக் கிடைத்தது ஒரு பழம்தான். "பப்பாளிப் பழத்தை நறுக்கினா உள்ள இருக்குமே, அந்த நிறம்மா" என்றேன்.

"பப்பாளி. சரி. பட்டை?"

"அது வெள்ளை. உப்பு மாதிரி நல்ல வெள்ளை."

"உப்ப விடுங்க" என்றார். "அதத்தான் பாத்தாச்சே."

சரவணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவுக்கு அது தெரிந்தது மாதிரி, "ஏல, இதுக்கு ஒரு கிளி வாங்கியிருந்தாலும் கீ கீன்னு கத்துற சத்தமாவது கேக்கும்லா" என்று தம்பியைச் சீண்டினார். அவர் சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போனார், ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

நான் குழாயையும் வலையையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு நீங்க தூக்கிட்டுப் போனீயளே, அதுலயா இது இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"நானும் அன்னைக்கே தம்பிட்டச் சொன்னேன், அழுக்குத் தண்ணிக்கு எதுக்குல மூடின்னு" என்றார். குத்திக்காட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. தான் நினைத்தது சரியாகப் போய்விட்டதில் அவருக்கு ஒரு சின்ன திருப்தி மாதிரிகூட இருந்தது. எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்காமல் குழாயைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சரவணன் எல்லாவற்றையும் சொன்னார். போன் செய்வதை நிறுத்திய அந்த வாரத்தில்தான் அக்காவின் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. "முதல் நாளே என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்" என்றேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டேன்.

"பால் காய்ச்சப் போற வீடு மேடம். அதுக்கு மீன் வாங்க வந்துட்டு, கண்ணு போயிரும்ங்கிற வார்த்தைய எப்பிடிச் சொல்றது? வாயில வந்தா நடந்திருமோன்னு பயம். வீட்டுல யாருமே அதைப் பேசல. நாள் நல்லபடியா முடியட்டும்னு இருந்துட்டோம்."

நம் ஆட்கள் அப்படித்தான். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் கெட்ட வார்த்தை வராது. என் அம்மாவின் நெஞ்சு வலியை என் கல்யாணம் முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்த நான், "வீட்டுல பெரியவங்க வர்றாங்க, அதான்" என்று ஒரு மனிதர் பாதியில் நிறுத்தியபோது, "அதான் என்ன சார்?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று அவரிடமே கேட்டேன். "தெரியல மேடம்" என்றார்.

அந்த டேங்க் இன்றும் ஓடுகிறது. சரவணன் எடுத்துவிடலாம் என்றார், அக்கா விடவில்லை. தீனியை விரலில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்டுகிறார், மீன்கள் வந்து விரலைக் கடிக்கின்றன. "கடிக்குது பாத்தியளா!" என்று ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகச் சொல்வார். நான் ஓய்வு பெறும்வரை அந்த வீட்டு டேங்கை வேறு யாரிடமும் விடவில்லை. உங்களில் சிலர் அதைப் பிடிவாதம் என்றீர்கள். இப்போது அது உங்கள் கையில் இருக்கிறது. நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது டேங்க் வைக்கிறவர்களைக் காக்கவையுங்கள், அதில் இரக்கமே வேண்டாம். கச்சா பானியில் மீன் விட்டால் சாகும், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அது பார்க்காது. ஆனால் காக்கச் சொல்வதற்கு முன்னால் யாருக்காக என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம் கடையில் தயாரான டேங்குகள் இத்தனை இருக்கின்றன. அவருடைய மீன் அவர் வீட்டுக்குப் போக நாளாகும் என்றால், அவர் வீட்டு ஆட்களை இங்கே வரச் சொல்லுங்கள், ட்ராஃபிக்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பிறகு அந்த மூடி. அடுத்த வீட்டுக்கு நேரமாகும், தெரியும். புது முதலாளி போனில் கத்துவார், அதுவும் தெரியும். இருந்தாலும் வாசலிலோ லிஃப்டிலோ யாராவது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், பக்கெட்டைக் கீழே வைத்து, மூடியைத் திறந்து, அவர்கள் போதும் என்று சொல்கிறவரைக்கும் காட்டுங்கள். அழுக்குத் தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.